பழைய டிராக்டரின் கிளட்ச்: வெளியிலேயே சரிசெய்வதா, வண்டியைப் பிரிப்பதா?

பழைய டிராக்டரில் கிளட்ச் தகராறு செய்யத் தொடங்கினால் பலர் வாயில் முதலில் வருவது ‘பிளேட் போய்விட்டது’ என்பதுதான். அடுத்த பேச்சே வண்டியை எப்போது பிரிப்பது என்பதாக இருக்கும். இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. பிளேட் என்பது இன்ஜினின் விசையைப் பிடித்துக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடு. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஒரு டன்னைத் தாண்டிய வண்டியை இடுப்பில் கழற்றி, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை ஒரு பக்கமும் நிறுத்தியாக வேண்டும். அதில் இறங்குவதற்கு முன் பெடலைக் கையால் அழுத்தி அளந்து பார்த்தால், பிரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கம்பியும் பின்னும் நெம்புகோலுமாக இயங்கும், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் உள்ள பழைய வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று வழிகள் எதிரெதிராக நிற்கும். எது எப்போது பொருந்தும், நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நழுவுகிறதா, விடமாட்டேன் என்கிறதா?

கிளட்ச் சரியில்லை என்பது இரண்டு நேரெதிர்க் கோளாறுகளுக்குப் பொதுவான புகார். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிடிக்காமல் இருப்பது நழுவல். பெடலை முழுக்க மிதித்த பிறகும் பிடியை விடாமல் இருப்பது இன்னொன்று. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை மோசமாக்கும். அதனால் இதைப் பிரித்து அறியாமல் எந்த நட்டிலும் ஸ்பானரை வைக்கக் கூடாது.

நழுவலைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் புழக்கத்தில் உள்ளன. உயர் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விடுவது ஒன்று. இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. விரைவான சோதனைதான். ஆனால் பிரேக் நன்றாக இருக்க வேண்டும், வண்டிக்கு முன்னால் ஆள் இருக்கக் கூடாது, சில நொடிகளுக்கு மேல் நீடிக்கவும் கூடாது. நழுவும் பிளேட் அந்தச் சில நொடிகளிலேயே வெந்து இன்னும் கெட்டுப்போகும். பழைய வண்டிகளில் பிரேக்கும் பழையதாகவே இருப்பதால், நான் இரண்டாவது சோதனையையே விரும்புகிறேன். கலப்பையை மண்ணில் இறக்கியோ, பாரத்தோடு மேட்டில் ஏற்றியோ ஓட்டிப் பாருங்கள். சுமை கூடும்போது இன்ஜின் சத்தம் மேலே போகிறது, பின்சக்கரம் அதற்கேற்பச் சுழலவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்றால் அது டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிரச்சினை. சத்தத்தை மட்டும் கேட்காமல் திரும்பிச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

பிடியை விடாத கோளாறுக்குச் சோதனை எளிது. இன்ஜின் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, பெடலைத் தரைவரை மிதித்துப் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். கரகரக்காமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது. பத்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பிடி விட்ட பிறகும் பிளேட் தன் வேகத்தில் சற்று நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். உடனே கியரைத் தள்ளினால் நல்ல கிளட்சும் கரகரக்கும்.

கிளட்ச் விடவில்லை என்று சொல்லப்படும் வண்டிகளில் ஒரு வகையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில், பின்னால் பி.டி.ஓ. தண்டில், அதாவது இன்ஜின் விசையைக் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டில், புல்வெட்டும் சுழல் கத்தி மாட்டியிருக்கும்போது பெடலை மிதித்தால், கனத்த கத்தி தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே கியர் பாக்ஸ் வழியாகப் பின்சக்கரங்களைத் தள்ளும். வண்டி நிற்காமல் வேலியை நோக்கிப் போகும். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் இப்படிப்பட்ட அமைப்பு உள்ள வண்டிதான். அங்கே கிளட்சில் எந்தக் குறையும் இல்லை. கருவியின் சுழற்சியை வண்டிக்குத் திருப்பி அனுப்பாத ஒருதிசைக் கப்ளிங் ஒன்றைப் பி.டி.ஓ. தண்டில் பொருத்தினால் தீர்ந்தது. கருவியைக் கழற்றிவிட்டுச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் இதற்காக வண்டியைப் பிரிப்பது வீண்வேலை.

ஃப்ரீ பிளே: கூடியதா, குறைந்ததா?

பெடலைக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்துங்கள். முதலில் சற்றுத் தூரம் தடையில்லாமல் இறங்கும். பிறகு கனமாகும். பிளேட்டை இன்ஜினின் சுழல் சக்கரமான ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; அந்தப் பிடியை விடுவிக்கும் அதன் சிறு நெம்புகோல்கள்தான் விரல்கள். பெடல் தள்ளும் ரிலீஸ் பேரிங் அந்த விரல்களைத் தொடும் இடம் அது. அந்தத் தடையற்ற தூரம்தான் ஃப்ரீ பிளே. பெடலுக்குப் பக்கத்தில் ஓர் ஸ்கேலை நிறுத்தி அளந்தால் போதும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இது 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்; உங்கள் வண்டிக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் குறையும். பிளேட்டின் இருபுறமும் பிடிப்புக்காகப் பதித்திருக்கும் லைனிங் மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. நெம்புகோல்போல் அமைந்த விரல்களின் மறுமுனை அதனால் பேரிங்கை நோக்கிப் பின்னே வருகிறது. இடைவெளி சுருங்கிக்கொண்டே போய், ஒருநாள் பேரிங் விரல்களின் மேலேயே உட்கார்ந்துவிடும். அதன்பின், நீங்கள் பெடலைத் தொடாவிட்டாலும் கிளட்ச் சற்று மிதிபட்டபடியே இருக்கும், நழுவத் தொடங்கும். ஃப்ரீ பிளே கூடுவதற்குக் காரணம் வேறு: பெடல் புஷ் (தண்டு சுழலும் உருளை உறை), இணைப்புக் கம்பியின் பின், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் தண்டின் புஷ் ஆகியவை தேய்ந்திருக்கும்.

இப்போது கோளாறையும் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

நழுவுகிறது, ஃப்ரீ பிளே இல்லை: கம்பியின் நீளத்தை மாற்றி ஃப்ரீ பிளேயைக் கொண்டுவாருங்கள். லைனிங் இன்னும் மிச்சமிருந்தால் நழுவல் அன்றே நின்றுவிடும். ஃப்ரீ பிளே இல்லாமல் நெடுநாள் ஓடிய வண்டியில் மட்டும் லைனிங் வெந்து கண்ணாடிபோல் பளபளத்துவிட்டிருக்கலாம்; அப்போது சரிசெய்தும் பயன் தெரியாது.

நழுவுகிறது, ஃப்ரீ பிளே சரியாகவே இருக்கிறது: வெளியில் செய்ய ஒன்றுமில்லை. லைனிங் எண்ணெயில் ஊறியிருக்கும், அல்லது சுருள்வில்கள் சூட்டில் தளர்ந்திருக்கும். பிரித்தே ஆக வேண்டும்.

விடவில்லை, ஃப்ரீ பிளே அதிகம்: இங்கேதான் வண்டியைப் பிரிக்கும் அவசரம் மிகப்பெரிய நஷ்டம் தருகிறது. கம்பியைச் சரிசெய்வதற்கு முன் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். இணைப்புப் பின் தேய்ந்து நடுவில் இடுப்புபோல் குறுகியிருக்கும், துளை முட்டைவடிவமாகியிருக்கும். பெடல் 30 மில்லிமீட்டர் இறங்கிய பிறகே ஃபோர்க் தண்டு அசையத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பின்களையும் புஷ்களையும் மாற்றினாலே போதும். தேய்மானத்தை அப்படியே விட்டுக் கம்பியை மட்டும் திருகுவதும் பலன் தரும். ஆனால் துளைகள் மேலும் அகன்று, சில மாதங்களில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

விடவில்லை, ஃப்ரீ பிளேயும் சரியாக இருக்கிறது: பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம், வளைந்திருக்கலாம், கியர் பாக்ஸின் உள்தண்டில் பிளேட் ஏறி நகரும் பள்ளப் பற்களான ஸ்பிளைனில் துரு பிடித்து நகர மறுக்கலாம், அந்தத் தண்டின் முன்நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். இவற்றில் முதலாவதை மட்டும் பிரிக்காமல் தீர்க்க வாய்ப்புண்டு. அடையாளம் காண்பதும் முடியும். பிளேட் முழுதாக ஒட்டியிருந்தால் பெடல் மிதித்திருப்பது வண்டிக்குத் தெரியவே தெரியாது. பிரேக் பிடித்தால் இன்ஜினே நின்றுவிடும். பிரேக் பிடித்தால் வண்டி மட்டும் நின்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அது அரைகுறைப் பிடிப்பு. வளைவு, ஸ்பிளைன், பைலட் பேரிங் பக்கம் சந்தேகப்படுங்கள்.

கோளாறு ஒரே நாளில் வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா என்பதும் முக்கியம். நேற்றுவரை நன்றாக இருந்த பெடல் இன்று கனமே இல்லாமல் தரைக்குப் போனால், லைனிங் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபோர்க்கைத் தண்டோடு பூட்டும் சாவியோ பின்னோ அறுந்திருக்கும்.

எண்ணெய் யாருடையது?

கிளட்சை மூடியிருக்கும் வார்ப்புக் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சில வண்டிகளில் அது அடைத்துவிடாமல் இருக்க அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கவிட்டிருப்பார்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். காலையில் கருத்து மெலிந்த சொட்டு இருந்தால் இன்ஜின் ஆயில். கிராங்கின் பின்பக்க சீல் கசிகிறது. தேன்நிறத்தில் கெட்டியாக, முகர்ந்தால் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கியர் பாக்ஸின் உள்தண்டு சீல் போயிருக்கிறது. துளை மண்ணும் கிரீஸுமாக அடைத்துக்கிடந்தால் முதலில் குத்தித் திறந்துவிடுங்கள். உள்ளே தேங்கிய எண்ணெய்தான் பிளேட்டை நனைக்கிறது.

இதைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதில் பெரிய லாபம் இருக்கிறது. கிராங்கின் பின்சீல் உதடுவடிவ ரப்பர் சீலாக இருந்தால், ஃப்ளைவீலைக் கழற்றி அங்கேயே மாற்றலாம். மிகப் பழைய இன்ஜின்களில் இருப்பது கயிறு சீல். அதன் மேல்பாதியை ஒழுங்காக மாற்றக் கிராங்கையே இறக்க வேண்டியிருக்கும். அந்த வேலையின் அளவும் செலவும் வேறு. பிரித்த பிறகு அதை அறிவதைவிட முன்பே அறிந்தால், எவ்வளவு நாள் வண்டி நிற்கும் என்று திட்டமிடலாம்.

எண்ணெயில் ஊறிய பிளேட்டைக் கழுவிப் பயன்படுத்தலாமா? பெட்ரோலில் கழுவுவது, நெருப்பில் வாட்டுவது, மூடி வழியே களிமண் பொடியைத் தூவுவது எல்லாம் நடக்கிறது. விதைப்பு நாளில் வண்டி நிற்கக் கூடாதென்று ஒருவர் இதைச் செய்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி மேலே வரும். நெருப்பில் வாட்டினால் லைனிங்கைப் பிடித்திருக்கும் பிசினும் சேர்ந்து கருகும். இது ஒரு வாரத்தைக் கடத்தும் வழி, அவ்வளவுதான்.

சத்தத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூட்ரலில் பெடலை லேசாகத் தொட்டதும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். பெடலை முழுக்க மிதித்தபோது மட்டும் கீச்சிட்டால் பைலட் பேரிங். காலை எடுத்ததும் வந்து, மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங். அது கிளட்ச் வேலையே அல்ல.

ஒட்டிக்கொண்ட பிளேட்டை விடுவிக்க மூன்று வழிகள்

மழைக்காலம் முழுக்கக் கொட்டகை ஓரத்தில் நின்ற வண்டியில் லைனிங்கும் ஃப்ளைவீலும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பெடலைக் கட்டையால் முட்டுக்கொடுத்து மிதித்தபடியே வைத்துவிட்டுக் காத்திருப்பது முதல் வழி. சில நாளில், சில சமயம் சில வாரத்தில், ‘டப்’ என்ற ஒலியோடு விட்டுவிடும். செலவில்லை, ஆபத்தில்லை, உறுதியும் இல்லை. அவசரம் இல்லாதவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி ஓட்டி உலுக்குவது. இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, நிறுத்தி, உயர் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடி மறுபடி கிளப்பி, திறந்த வெளியில் ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக் குறைத்து, இடையிடையே பிரேக்கைத் தட்டுவது. பல சமயம் பலிக்கும். ஆனால் கிளப்பிய கணமே வண்டி பாயும். எதிரே சுவர், கிணறு, ஆள் எதுவும் இருக்கக் கூடாது. எல்லா வண்டிக்கும் இது ஆகவும் ஆகாது. 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டி.இ.20-இல் ஸ்டார்ட்டரையே கியர் லீவரைக் கொண்டுதான் இயக்க வேண்டும். கியரில் போட்டபடி கிளப்ப வழியில்லை. அந்தப் பாதுகாப்பைக் கம்பி போட்டுத் தாண்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

மூன்றாவது, பெல் ஹவுசிங்கில் மூடி உள்ள வண்டிகளுக்கு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெடலை மிதித்த நிலையில் முட்டுக்கொடுத்து, தேய்ந்த ரம்பத் தகட்டை லைனிங்குக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே மெல்லச் செருகித் தட்டுங்கள். கையால் ஃப்ளைவீலைத் திருப்பி, சுற்றிலும் நாலைந்து இடத்தில் இதையே செய்யுங்கள். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் மூன்றில் கட்டுப்பாடு உங்கள் கையில் இருப்பது இதில் மட்டும்தான். துரு விடுவிக்கும் எண்ணெயை உள்ளே பீய்ச்ச யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளேட் விட்டுவிடும், பிறகு பிடிக்கவே பிடிக்காது.

எந்த வழியில் விட்டாலும், பிறகு ஓட்டும்போது வண்டி நடுங்கி நடுங்கிக் கிளம்பினால் லைனிங்கின் ஒரு துண்டு பிய்ந்து ஃப்ளைவீலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். அப்போது பிரிக்கத்தான் வேண்டும்.

நடுவில் பிரிப்பதா, இன்ஜினை இறக்குவதா?

இதில் விருப்பத்தைவிட வண்டியின் கட்டுமானமே முடிவு செய்கிறது. இன்ஜின், பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ் ஆகியவையே வண்டியின் முதுகெலும்பாக இருக்கும் டிராக்டர்களில் முன்அச்சு இன்ஜினோடு பூட்டப்பட்டிருக்கும். அங்கே இன்ஜினை மட்டும் தூக்குவது என்றால் ரேடியேட்டரையும் முன்அச்சையும் தனியே கழற்ற வேண்டும். நடுவில் பிரித்து முன்பாதியை அதன் சக்கரங்களிலேயே உருட்டி விலக்குவதே சுருக்கமான வழி. இருபுறமும் இரும்புச் சட்டம் ஓடும் வண்டிகளில் சட்டம் அப்படியே நிற்க இன்ஜினைத் தூக்கி எடுக்கலாம். இன்னொரு குடும்பமும் உண்டு: 1935 முதல் 1952 வரை வந்த ஜான் டீர் பி போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கை லீவரால் இயங்கும் கிளட்ச், வெளியே தெரியும் பெல்ட் புல்லிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வண்டியைப் பிரிக்கும் பேச்சே எழாது. மூடியைக் கழற்றி நட்டுகளைச் சம அளவில் இறுக்கி, லீவர் ‘டக்’ என்று அழுத்தமாக விழும்படி வைத்தால் போதும்.

முதுகெலும்பு வகை வண்டியைப் பிரிப்பதில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. முன்அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடும்படி அமைந்தது. சேர்ந்திருக்கும்வரை பின்பாதிதான் முன்பாதியை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பிரித்த கணத்தில் முன்பாதி இரண்டு சக்கரங்களின் மேல் அப்படியே ஒருபக்கம் கவிழும். அதனால் முதல் போல்ட்டைத் தொடுவதற்கு முன், முன்அச்சுக்கும் அதன் மேலுள்ள வார்ப்புக்கும் நடுவே இருபுறமும் கடினமான மர ஆப்புகளை இறுக்கி அடித்துவிட வேண்டும். பின்பாதிக்கு கியர் பாக்ஸின் அடியில் நிலையான ஸ்டாண்டு. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல.

முன்பாதியைச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிடுவதா, அடியில் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏற்றுவதா என்ற கேள்வியில் நான் தள்ளுவண்டியின் பக்கம். தொங்கும் பாரம் ஆடும். மீண்டும் சேர்க்கும்போது ஒரு மில்லிமீட்டர் மேலே, அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் என்று நகர்த்த வேண்டியிருக்கும். சங்கிலியில் அந்த நுணுக்கம் வராது.

திறந்த பிறகு: பிளேட் மட்டுமா, எல்லாமுமா?

உள்ளே கை வைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. அந்தத் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவது ஒரு வழி. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் அனைத்தையும் சேர்த்து மாற்றுவது இன்னொன்று. ரிலீஸ் பேரிங்கையும் பைலட் பேரிங்கையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். இவற்றின் விலை, மறுபடி பிரிக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பைலட் இடத்தில் வெண்கல புஷ் இருந்தால் அதை வெளியே எடுக்கச் சுலபமான உத்தி உண்டு: துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள், கிரீஸின் அழுத்தமே புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும். கிரீஸ் ஃப்ளைவீல் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் பிளேட்டில் நான் அவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு புதியதை வாங்கச் சொல்ல மாட்டேன். முகத்தில் வெடிப்போ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ இல்லாமல், விரல் நுனிகள் பள்ளமாகாமல், சுருள்வில்கள் ஒரே உயரத்தில் இருந்தால் பழையதைச் சீர்செய்து போடலாம். அதன் விரல் உயரமும் சாய்வும் உங்கள் வண்டிக்கென்றே அமைந்தவை. இன்று கிடைக்கும் மாற்றுத் தயாரிப்புகளில் இந்த உயரம் சற்று மாறுபட்டு, இணைப்புக் கம்பியின் மரை முழுதும் தீர்ந்தும் ஃப்ரீ பிளே வராமல் போவதுண்டு. புதியதை வாங்கினால் பழையதோடு பக்கத்தில் வைத்து விட்டம், உயரம், விரல் நுனிகளின் மட்டம் ஆகியவற்றை அளந்த பிறகே மாட்டுங்கள். விரல்கள் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டருக்குள் ஒரே மட்டத்தில் இல்லையென்றால், பிளேட் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் உரசும். சுருள்வில் தேய்மானத்தோடு அழுத்தத்தை இழக்கும் என்பதும் உண்மை. பல ஆண்டுகள் நழுவி வெந்த பிரஷர் பிளேட்டை வைத்துக்கொண்டு புதுப் பிளேட்டிடம் வேலை எதிர்பார்க்க முடியாது.

பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் ஒட்டி ரிவெட் அடிப்பதா, புதுப் பிளேட் வாங்குவதா? நடுவிலுள்ள ஹப்பை உள்தண்டின் ஸ்பிளைனில் ஏற்றி, இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஹப்பின் சிறு வில்கள் கூட்டில் கலகலத்தால், லைனிங்குக்குச் செலவழிப்பது வீண். இரண்டும் இறுக்கமாக இருந்தால் பழைய எஃகுத் தகட்டைக் கைவிட எனக்கு மனம் வராது. உதிரிபாகம் கிடைக்காத அரிய வண்டிகளுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு நன்றாகக் கீழே அமர்ந்திருப்பதையும், தகடு வளையாமல் நேராகச் சுற்றுவதையும் பார்த்து வாங்க வேண்டும்.

லைனிங்கில் வழக்கமான நார்வகையோடு, பித்தான்கள்போல் செராமிக் துண்டுகள் பதித்த வகையும் கிடைக்கிறது. செராமிக் சூட்டைத் தாங்கும், சிறிது எண்ணெய் பட்டாலும் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் அது மெல்லப் பிடிக்காது, வெடுக்கென்று பிடிக்கும். அந்த அதிர்ச்சி நேராகப் பழைய கியர் பற்களுக்குப் போகிறது. ஃப்ளைவீலையும் வேகமாகத் தின்னும். டிரெய்லரை அங்குலம் அங்குலமாகப் பின்னே தள்ளும் வேலையில் நார்வகையின் மென்மைக்கு ஈடில்லை. அறுபது வயது வண்டிக்கு நான் நார்வகையையே மாட்டுவேன்.

ஃப்ளைவீலை எமரித்தாளால் தேய்த்தால் போதுமா, லேத்தில் கடைய வேண்டுமா? வெறும் பளபளப்பும் லேசான துருவும் என்றால் எமரித்தாள் போதும். நகத்தை இழுத்தால் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளம், மயிரிழை வெடிப்புக் கூட்டம், நீலத் தழும்பு இருந்தால் கடைந்துவிடுங்கள். நீலத் தழும்பு உள்ள இடம் கடினமாகி, சுற்றியுள்ள இடம் தேயும்போது மேடாக நிற்கும். வண்டி நடுங்கிக் கிளம்புவதற்கு அதுவே காரணமாகும். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு தனிப்படியாக இருக்கும் ஃப்ளைவீலில், முகத்தைக் கடையும் அளவுக்கு அந்தப் படியையும் கடைய வேண்டும். இல்லையென்றால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்து, எல்லாம் புதிதாக இருந்தும் கிளட்ச் நழுவும்.

ரிலீஸ் பேரிங் சில பழைய வண்டிகளில் குண்டு பேரிங்காக இல்லாமல் கரிக்கட்டியாக இருக்கும். கரி, விரல்களை நேராகத் தொடாமல் தட்டையான வளையத்தின் மேல் உரசும்படி அமைந்தது. வளையம் இல்லாத பிரஷர் பிளேட்டோடு கரிக்கட்டியைச் சேர்த்தால் அது விரைவில் பொடியாகிவிடும். எந்த வகை இருந்ததோ அதே வகையை மாட்டுங்கள்.

இரட்டைக் கிளட்ச் வண்டிகள்

பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், மீதியையும் மிதித்தால் பி.டி.ஓ. நிற்கும். மாஸி ஃபெர்குசன் 35, 135 போன்ற வண்டிகளில் வந்த இந்த அமைப்பில் ஒரே கூட்டுக்குள் இரண்டு பிளேட்டுகள். உழவுக்குப் பயன்படும் பிளேட் நழுவினால் இழுவை குறையும், பி.டி.ஓ. பிளேட் நழுவினால் இழுவை நன்றாக இருக்க, சுழல் கலப்பை மட்டும் சுமையில் தளரும். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

உதிரிபாகச் செலவுக்கு அஞ்சி இதை ஒற்றைக் கிளட்சாக மாற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. பாகங்கள் குறையும், பெடல் இலகுவாகும், சரிசெய்வதும் எளிது. ஆனால் அறுவடைக் கருவியோ சுழல் கலப்பையோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, கருவி தெளிந்த பிறகு மீண்டும் நகரும் வசதி போய்விடும். பி.டி.ஓ.வைத் தொடாமல் டிரெய்லர் மட்டும் இழுக்கும் வண்டி என்றால் மாற்றலாம். மற்றவர்கள் இரட்டைக் கிளட்சையே சீர்செய்யுங்கள். இரண்டாம் கட்டத்துக்கான திருகுகளின் இடைவெளியை, கையேட்டில் உள்ள அளவுக்கு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்து, ஃப்ளைவீலில் பூட்டிய நிலையில் மூன்று இடத்திலும் ஒன்றுபோல் அமைக்க வேண்டும். வண்டியை மூடிய பிறகு, மூடி வழியே இதைத் திருத்துவது பெரும்பாடு.

சேர்க்கும்போது

பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்பிளைனில் மிக லேசாக மட்டும் கிரீஸ் தடவி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். பழைய உள்தண்டு ஒன்று கிடைத்தால் அதையே செருகிப் பிளேட்டை மையப்படுத்தலாம். அளவாகக் கடைந்த மரத்தண்டும் போதும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

இரண்டு பாதிகளும் கடைசி விரற்கடையில் நிற்கும்போது, போல்ட்டை மாட்டி இழுத்துச் சேர்த்துவிடலாம் என்ற ஆசை வரும். செய்யாதீர்கள். ஸ்பிளைன் பல் பொருந்தாமல் நிற்கும் இடம் அது. போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் ஹப் வளைந்து, புதுக் கிளட்ச் முதல் நாளே பிடியை விடாது. கியரில் போட்டு, பி.டி.ஓ. தண்டையோ ஃப்ளைவீலையோ கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே முன்பாதியைத் தள்ளுங்கள். பல் பொருந்தியதும் முகத்தோடு முகம் தானே வந்து சேரும். அதன்பின்தான் போல்ட்.

ஃப்ரீ பிளேயை அமைத்து, முதல் சில மணி நேரம் இலகுவான வேலையில் ஓட்டுங்கள். புது லைனிங் படியும்போது ஃப்ரீ பிளே சற்றுக் குறையும். மறுபடி ஸ்கேலை நிறுத்தி அளந்து, கம்பியைத் திருத்தி, பூட்டு நட்டை இறுக்கிவிட்டு, அந்த அளவைப் பெடலுக்கு மேலே பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.